துப்ப முடியாத வாய்க்குப் பல் துலக்குவது

எம்.என்.டி. (மோட்டார் நியூரான் நோய்) என்று நோய் உறுதியானதும் குடும்பத்தின் கைக்கு ஒரு நீண்ட பட்டியல் வந்துவிடும். நரம்பியல் மருத்துவர், மூச்சுப் பரிசோதனை, உணவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோ, ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்கான விண்ணப்பப் பாரம். அதில் பல் மருத்துவர் பெரும்பாலும் இருப்பதில்லை. கை கால் விளங்காமல் போய்க்கொண்டிருக்கும்போது பல்லுக்கு என்ன அவசரம் என்று நோயாளிக்கே தோன்றும். அவசரம் இருக்கிறது. இந்த நோயில் பல் வேலைக்கு நல்ல காலம் ஆரம்ப மாதங்கள்தான். நாற்காலியில் மல்லாந்து படுக்க முடிகிறது, வாயை அரைமணி நேரம் திறந்து வைத்திருக்க முடிகிறது, தண்ணீர் தொண்டைக்குள் போனால் இருமித் துப்ப முடிகிறது என்கிற நாட்கள் கையில் இருக்கும்போதே பெரிய வேலைகளை முடித்துவிட வேண்டும். இங்கே எழுதப்போவதில் எது மறந்தாலும் இது மறக்கக்கூடாது.

வாயில் என்ன நடக்கிறது

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் அழிந்துகொண்டே வருவதுதான் எம்.என்.டி. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது பேச்சிலும் விழுங்குவதிலும் தொடங்கும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கும் பிற்பாடு அங்கே வந்து சேரும். நாக்கு மெலிந்து துடிக்கும், உதடு சரியாக மூடாது, கன்னம் தளரும். நல்ல உடம்பில் நாக்கும் கன்னமும் உமிழ்நீரும் சேர்ந்து நாள் முழுக்க வாயைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த வேலை நின்றதும் சோற்றுப் பருக்கை கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் மணிக்கணக்கில் தங்கும். பல்லில் படியும் வெள்ளைப் படலம் தடிக்கும், ஈறு வீங்கி இரத்தம் கசியும்.

வலியையும் தொடு உணர்ச்சியையும் கொண்டுபோகும் நரம்புகள் வேறு. அவை பெரும்பாலும் கெடுவதில்லை. ஆகவே சொத்தைப் பல் வலித்தால் அவருக்கு முழு வலியும் இருக்கும், சொல்லத்தான் முடியாது. பேச்சு போனவர் திடீரென்று சாப்பாட்டை மறுத்தால், இரவில் தூங்காமல் இருந்தால், வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் மூச்சு முகமூடியை வேண்டாமென்றால், எச்சில் ஒழுகுவது கூடினால் முதலில் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். கண்ணால் இயக்கும் கருவியோ எழுத்துப் பலகையோ வைத்திருப்பவருக்கு ‘பல் வலி’, ‘மேலே’, ‘கீழே’, ‘இடது’, ‘வலது’, ‘நாக்கு’, ‘நிறுத்து’ என்ற சொற்களை முன்கூட்டியே அதில் ஏற்றி வையுங்கள். எந்தப் பல் என்று கண்டுபிடிக்கும் பாடு பாதியாகக் குறையும்.

பல்லைவிடப் பெரிய கவலை நுரையீரல். விழுங்குவது பழுதானவருக்கு எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அதை இருமி வெளியேற்றும் பலம் அவருக்கு இல்லை. அழுக்கு வாயிலிருந்து இறங்கும் எச்சிலோடு கிருமிகளும் கூட்டமாக இறங்கும்; நிமோனியா வரும் வழிகளில் இது முக்கியமானது. ஜப்பானில் 11 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 417 பேரைக் கொண்டு 2 ஆண்டுகள் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யப்படாதவர்களில் 19 சதவீதத்தினருக்கு வந்தது. அவர்கள் எம்.என்.டி. நோயாளிகள் அல்லர், வயதானவர்கள். ஆனாலும் எச்சில் இறங்கும் பாதை எல்லாருக்கும் ஒன்றுதான்.

முதல் பல் மருத்துவச் சந்திப்பு

நோய் உறுதியான 1, 2 மாதத்துக்குள் போவது நல்லது. முழுத் தாடைக்கான ஓபிஜி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பாதி முளைத்த ஞானப்பல், ஆடும் பல், ஆழமான சொத்தை, தளர்ந்த கேப், பழைய வேர் சிகிச்சை எல்லாம் அதில் தெரியும். ‘இந்தப் பல் 2 வருஷம் தாங்கும், அப்புறம் பார்க்கலாம்’ என்று மற்றவர்களுக்குச் சொல்வதை இவருக்குச் சொல்லக்கூடாது. 2 வருஷம் கழித்து அதே பல்லைப் பிடுங்குவது பல மடங்கு ஆபத்தான வேலையாகியிருக்கும். பிடுங்க வேண்டியதை இப்போதே பிடுங்குங்கள், அடைக்க வேண்டியதை இப்போதே அடையுங்கள், தளர்ந்த கேப்பை இப்போதே ஒட்டுங்கள். பின்னாளில் அது கழன்றால் போகும் இடம் மூச்சுக்குழாயாக இருக்கலாம். நாக்கில் உராயும் கூர்மையான பல் ஓரங்களையும் தேய்த்து மழுங்கடித்துவிட வேண்டும். அதே சமயம், பிரிட்ஜ், இம்ப்ளான்ட் போன்ற விரிவான வேலைகளில் இறங்குமுன் ஒன்று யோசியுங்கள்: நாளைக்கு அதைச் சுத்தம் செய்யப்போவது வேறொருவருடைய கை. உணவு சிக்கும் இடுக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

நேரே உணவு செலுத்த வயிற்றில் பெக் குழாய் வைக்கப் போகிறவர்கள் அதற்கு முன்பே பல் சுத்தம் செய்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. அதை வைக்க உதவும் எண்டோஸ்கோப் (கேமராக் குழாய்) வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. பொதுவாகச் செய்யும் முறையில் குழாயும் வாய் வழியாகவே இழுத்துக்கொண்டு போகப்படுகிறது. வாயிலுள்ள கிருமி குழாயோடு போய் வயிற்றுத் துளையில் சீழ் வைக்கலாம். ஆடும் பல் இருந்தால் அந்த நேரத்தில் விழவும் கூடும்.

சொத்தை வராமல் தடுக்க ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு, அதாவது 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் 22,600 பங்கு) ஃபுளோரைடு. பிரஷ்ஷால் தடவினால் சில நிமிடம்தான் ஆகும். தண்ணீரும் வேண்டாம், வலியும் இல்லை. 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பூசலாம். பினாங்கு, கோலாலம்பூர் குழாய்நீரில் ஃபுளோரைடு கலந்திருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் பெக் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குப் போனால் பல்லில் படுவதே இல்லை. குழாய் உணவுக்கு மாறியவருக்கு வார்னிஷ் இன்னும் அவசியமாவது இதனால்தான்.

கை தளரும் காலம்

கையில் பிடி குறையும்போது பல் துலக்கும் வேலையை உடனே பறித்துக்கொள்ளாதீர்கள். பிரஷ்ஷின் காம்பைத் தடிமனாக்கினாலே பலர் இன்னும் பல மாதம் தாமாகவே துலக்குவார்கள். அதற்குத் தனிச் சாதனம் வாங்க வேண்டாம். எயர்கோன் செம்புக் குழாயைச் சுற்றும் கறுப்பு ஃபோம் உறை ஹார்ட்வேர் கடையில் நீளமாகக் கிடைக்கும். உள்துளை பிரஷ் காம்பைவிடச் சற்றே சிறியதாகப் பார்த்து, 12 செ.மீ. அளவுக்கு வெட்டி, காம்பைத் திருகி நுழையுங்கள். துளை பெரிதாக இருந்தால் பிரஷ் உள்ளே சுழலும். பல்லில் அழுத்தம் விழாது. அப்போது காம்பில் முதலில் துணிப் பிளாஸ்டர் சுற்றித் தடிப்பாக்கிவிட்டு நுழையுங்கள். ஃபோம் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும், 2 வாரத்துக்கு ஒரு துண்டு மாற்றுங்கள். விரலே மடங்காதவருக்கு உள்ளங்கையைச் சுற்றி வெல்க்ரோ பட்டை கட்டி அதில் பிரஷ்ஷைச் செருகலாம். முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு, கைக்குப் பதில் தலையை அசைத்துத் துலக்குவது தோள் தளர்ந்தவர்களுக்கு ஒத்துவரும்.

மின்சாரப் பிரஷ் கனமானது, ஆனால் அசைக்க வேண்டியதில்லை, பிடித்திருந்தால் போதும். வாங்குவதானால் சீக்கிரமே வாங்கிப் பழக்குங்கள். பின்னாளில் புதிதாக அறிமுகப்படுத்தினால் அந்த அதிர்வே சிலருக்குத் தாடையை இறுக வைத்துவிடும். மூன்று பக்கமும் ஒரே சமயத்தில் தேய்க்கும் மூன்று தலைப் பிரஷ்ஷும் இருக்கிறது, இணையக் கடைகளில் தேடலாம். வாய் சில விநாடிதான் திறக்கும் என்றால் அது பெரிய உதவி.

துப்ப முடியாமல் போனபின்

இனி எல்லாம் ஒரே கணக்குதான்: வாய்க்குள் போகும் திரவம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பாதுகாப்பு.

பேஸ்ட்டில் நுரை வர வைப்பது சோடியம் லாரில் சல்ஃபேட். அது இல்லாத பேஸ்ட்டாகப் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்து வாங்குங்கள். நுரை தொண்டைக்குப் போனால் இருமல், இருமலுக்குப் பிறகு மூச்சுத் திணறல். காரமான புதினா வாசனையும் சிலருக்கு இருமலைக் கிளப்பும். வாசனை மென்மையானது பாருங்கள். ஃபுளோரைடு 1,450 பிபிஎம் அளவில் இருக்கட்டும். சிறுவர் பேஸ்ட் பலவற்றில் பாதிதான் இருக்கும், அதனால் நுரை குறைவு என்பதற்காக மட்டும் அதை எடுக்க வேண்டாம். அளவு ஓர் அரிசி மணி முதல் பட்டாணியில் பாதி வரை. பேஸ்ட்டைப் பிரஷ்ஷின் மேலே உருட்டி வைக்காமல் இழைகளுக்குள் அழுத்திவிட்டால் வாயில் கட்டியாக விழாது. பிரஷ் சிறிய தலை, மென்மையான இழை.

உட்கார வைக்கும் முறைதான் பாதி வேலை. முதுகு நிமிர்ந்து, தலை நேராக, தாடை சற்றுக் கீழே தாழ்ந்திருக்க வேண்டும். வாய் நன்றாகத் தெரிகிறதே என்று தலையைப் பின்னால் சாய்த்தால் எச்சில் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும். பராமரிப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். நீங்கள் உயரமாக நின்றால் அவர் தானாகவே அண்ணாந்து பார்ப்பார், ஆகவே உட்கார்ந்துகொண்டோ குனிந்தோ அவர் கண்மட்டத்தில் இருங்கள். கழுத்து நிற்காதவருக்குப் பக்கவாட்டில் நின்று தலையை உங்கள் மார்போடு தாங்குங்கள். உட்காரவே முடியாதவரைத் தலைமாட்டை 30 பாகையாவது உயர்த்தி ஒருக்களித்துப் படுக்க வைத்து, கீழ்க்கன்னத்தின் அடியில் துண்டும் கிண்ணமும் வையுங்கள். எச்சில் கன்னப் பக்கம் தேங்கும், தொண்டைக்குப் போகாது. பெக் வழியே உணவு ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் கழித்துத் துலக்கத் தொடங்குங்கள்.

தொடங்குமுன் நிறுத்தும் சைகை ஒன்றை இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். கண்ணை இறுக மூடுவது, புருவம் தூக்குவது, விரல் தட்டுவது எதுவானாலும் சரி. அந்தச் சைகை வந்தால் ‘இன்னும் கொஞ்சம்தான்மா’, ‘முடிஞ்சிடுச்சுப்பா’ என்று சொல்லிக்கொண்டே தொடரக்கூடாது. பிரஷ்ஷை வெளியே எடுத்தே ஆக வேண்டும். அந்த நம்பிக்கை உடைந்தால் மறுநாள் வாயே திறக்காது.

இப்போது வேலை. உதட்டில் நீர் சார்ந்த ஜெல் தடவுங்கள். காய்ந்த உதட்டை விரித்தால் வெடிக்கும். சக்‌ஷன் கருவி இருந்தால் முதலில் வாயில் தேங்கியிருப்பதை உறிஞ்சுங்கள். அழுத்தம் 80 முதல் 120 மி.மீ. பாதரசம், ஒவ்வொரு தடவையும் 10 விநாடிக்குள். குழாய் நுனி கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையிலும் நாக்கின் கீழும் மட்டும் போகட்டும். நாக்கின் பின்பகுதியைத் தொட்டால் குமட்டும். பிறகு உங்கள் ஆள்காட்டி விரலைப் பற்களின் வெளிப்பக்கமாக, கன்னத்தின் உட்புறத்தோடு ஒட்டியே பின்னால் நகர்த்துங்கள். விரல் நுனி எப்போதும் பல் வரிசைக்கு வெளியேதான். கன்னத்தை மெல்ல வெளியே தள்ளினால் கடைவாய் தெரியும். அங்கே மாட்டியிருக்கும் பருக்கையை விரலில் சுற்றிய ஈரக் காஸ் துணியால் முன்பக்கமாக வழித்தெடுங்கள். பருக்கையோடு பிரஷ்ஷை விட்டால் அது பின்னால் தள்ளப்படும்.

பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிட்டு, வாயை நான்கு கால்பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி, முடிந்ததும் உறிஞ்சுதல் அல்லது காஸ் துடைப்பு, ஒரு மூச்சு ஓய்வு, பிறகு அடுத்தது. துலக்கும் நேரம் 2 நிமிடமே என்றாலும் மொத்தம் 10 நிமிடம் ஆகும். களைப்பாக இருந்தால் காலையில் மேல்வரிசை, மதியம் கீழ்வரிசை என்று பிரிக்கலாம். இரவில் மட்டும் முழு வாயும் வேண்டும். பிரஷ்ஷின் இழைகள் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி சாய்த்து, சிறு வட்டமாகத் தேயுங்கள். கீழ் முன்பற்களின் உட்புறத்தையும் மேல் கடைவாயின் வெளிப்புறத்தையும் விட்டுவிடாதீர்கள். உமிழ்நீர்க் குழாய்கள் திறக்கும் இடங்கள் அவை, பற்காரை அங்கேதான் வேகமாகக் கட்டும். ஈறில் இரத்தம் வந்தால் நிறுத்தாதீர்கள். படலம் தேங்கியதால்தான் இரத்தம் வருகிறது. 1, 2 வாரம் ஒழுங்காகத் துலக்கினால் பெரும்பாலும் அடங்கும், அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லிடுக்குக்கு நூலைவிட நீண்ட காம்புள்ள இடுக்குப் பிரஷ் வசதி, உங்கள் விரல் வாய்க்குள் போக வேண்டியதில்லை.

நாக்கைத் துலக்குவது நடுப்பகுதியிலிருந்து முன்னால் மட்டும், 3, 4 மென்மையான இழுப்பு. முடிந்ததும் கொப்பளிக்க வேண்டாம். மிச்சப் பேஸ்ட்டைக் காஸால் துடைத்தால் போதும். பல்லில் ஒட்டியிருக்கும் ஃபுளோரைடு இரவு முழுக்க வேலை செய்யும். அரைமணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். சக்‌ஷனோடு இணையும் பிரஷ்களும் இருக்கின்றன, காம்பிலேயே உறிஞ்சு துளை இருக்கும். பெரிய மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள மருத்துவச் சாதனக் கடைகளில் கேளுங்கள். ஒரே ஆள் துலக்குகிற வீட்டில் அந்தச் செலவு வீண் இல்லை.

தாடை கடித்துப் பிடித்துக்கொண்டால்

மூளையிலிருந்து இறங்கும் மேல் நரம்பணுக்கள் அதிகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, பல்லில் எதுவும் பட்டவுடன் தாடை டக்கென்று மூடிக்கொள்ளும். வேண்டுமென்றே செய்வதல்ல. பிரஷ்ஷைப் பிடுங்காதீர்கள், இழுக்க இழுக்கக் கடி இறுகும். அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டு, தாடை மூட்டுக்குக் கீழே கன்னத்தை விரலால் வட்டமாகத் தேய்த்துவிட்டுக் காத்திருங்கள், தானாக விடும். இவர்களுக்கு முன்பற்களின் வெளிப்புறத்தில் தொடங்கி மெல்லப் பின்னால் போவதுதான் வழி. உலோகக் கரண்டி, ஐஸ்கிரீம் குச்சி எதையும் பல்லுக்கு இடையில் திணிக்காதீர்கள். பல் உடையும், குச்சி பிளந்து துண்டு உள்ளே போகும். பல் மருத்துவரிடம் கிடைக்கும் ரப்பர் வாய்த்தாங்கி இதற்கென்றே செய்யப்பட்டது, நூல் கட்டியே பயன்படுத்துங்கள். இறுக்கம் தீராவிட்டால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாக்லோஃபன் மாத்திரையோ தாடைத் தசையில் போட்யூலினம் ஊசியோ உதவலாம்.

நடுவில் சிலர் அடக்க முடியாமல் சிரிப்பார்கள் அல்லது அழுவார்கள். அதுவும் நோயின் வேலைதான். பிரஷ்ஷை எடுத்துவிட்டு அடங்கும்வரை பேசாமல் இருங்கள்.

நம் வீட்டுப் பழக்கங்களில் விட வேண்டியவை

நல்லெண்ணெய் கொப்பளிப்பதை நம் வீடுகளில் பெரியவர்கள் விடமாட்டார்கள். விழுங்குவது பழுதானவருக்கு அது ஆகவே ஆகாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் இருமலைக்கூடத் தூண்டாமல் தங்கி, ஆறாத ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். பல்பொடி, கரித்தூள், உப்புத்தூள் மூச்சோடு உள்ளே போகும். கிராம்புத் தைலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவதும் வேண்டாம். வழிந்து தொண்டையைச் சுடும். ஊரில் நல்லது என்று சொல்லப்படுவது எதையும் கேவலமாகச் சொல்லவில்லை, துப்பத் தெரிந்த வாய்க்கான வைத்தியம் அது.

ஆல்கஹால் கலந்த வாய் கழுவும் திரவம் வாயை வறட்டும். எலுமிச்சை-கிளிசரின் தடவிய பஞ்சுக்குச்சி முதலில் இதமாக இருக்கும். போகப்போக வாயை இன்னும் காய வைக்கும், அமிலம் எனாமலை அரிக்கும். குச்சி நுனியில் ஸ்பாஞ்ச் வைத்த ஸ்வாப் ஈரப்படுத்தத்தான் உதவும், படலத்தை நீக்காது. கடித்தால் ஸ்பாஞ்ச் கழன்று தொண்டையை அடைக்கலாம். பிரிட்டனில் 2012இல் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டார்கள். கடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு அதைத் தொடவே வேண்டாம்.

எச்சில்

நல்ல உடம்பில் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கும். இவருக்கு அதிகமாகச் சுரப்பதில்லை. விழுங்க முடியாததால்தான் ஒழுகுகிறது. அதைக் குறைக்கத் தோலில் ஒட்டும் ஹையோசின் பட்டை, கிளைகோபிரோலேட், அமிட்ரிப்டிலின், நாக்கின் கீழ் அட்ரோபின் சொட்டு, சுரப்பியில் போட்யூலினம் ஊசி என்று மருத்துவர் எழுதித் தருவார். இவை ஒழுகுவதை அடக்கும், கூடவே வாயையும் காய வைக்கும். காய்ந்த வாயில் சொத்தை வேகமாக வரும், எச்சில் பசைபோலக் கெட்டியாகித் தொண்டையில் ஒட்டும். ஆகவே அந்த மருந்து தொடங்கிய நாளே பல் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். எச்சில் கெட்டியானால் முதலில் உடம்பில் நீர் குறைகிறதா பாருங்கள். பிறகு மூச்சுக் கருவிக்கு ஈரப்பதமூட்டி, நெபுலைசர், சளியை இளக்கும் கார்போசிஸ்டின் என்று மருத்துவர் வழி காட்டுவார். பப்பாளி, அன்னாசிச் சாறு கெட்டி எச்சிலை இளக்கும் என்பார்கள். விழுங்க முடிகிறவர் கொஞ்சமாக எடுக்கலாம். அன்னாசி புளிப்பு, அமிலம் பல்லில் தங்கும். குடித்தவுடன் துலக்காமல் ஈரக் காஸால் துடையுங்கள்.

வாயோரம் வெடித்துச் சிவந்தால், அல்லது துடைத்தால் சிவந்த அடி தெரியும் வெள்ளைப் படை இருந்தால், பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நிஸ்டாட்டின் கொடுத்தால் கொப்பளிக்கச் சொல்லி எழுதியிருப்பார்கள். இவருக்குக் காஸில் நனைத்துத் தடவ முடியுமா என்று கேளுங்கள். கிருமி கொல்லும் குளோர்ஹெக்சிடினும் சேர்த்துக் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், ஒன்றை ஒன்று முறிக்கும். இந்த நோயின் வேகத்தைக் குறைக்கத் தரும் ரிலூசோல் மாத்திரையை நுணுக்கிக் கொடுக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை: அந்தத் தூள் பட்டால் நாக்கு மரத்துப்போகும். மரத்த வாயில் உணவு இருப்பது தெரியாது, புரையேறும். கொடுத்த கையோடு சாப்பாடும் ஊட்டாதீர்கள்.

மைலோவும் முகமூடியும்

எடை குறையாமல் இருக்க இனிப்பான சத்து பானம், கண்டென்ஸ்டு மில்க் போட்ட டீ, திக்காக்கிய மைலோ என்று நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்போம். எடைதான் முக்கியம், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் திக்கான இனிப்பு பல்லில் அப்பியே இருக்கும், ஒவ்வொரு வாய்க்கும் அமிலம் புதிதாக ஊறும். 6 தடவையாக உறிஞ்சுவதை 3 தடவையாக்க முடியுமா பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கன்னத்தை ஈரக் காஸால் வழித்துவிடுங்கள். லாக்டுலோஸ் போன்ற இனிப்பு மருந்துகளைப் பெக் வழியாகக் கொடுக்கலாமா என்று ஃபார்மசியில் கேளுங்கள். இன்னொன்று, குழாய் உணவுக்கு முழுதாக மாறியவருக்கு ‘வாயில் ஒன்றுமே போகவில்லை, துலக்கி என்ன’ என்று விட்டுவிடுவது. மெல்லாத, விழுங்காத வாயில்தான் பற்காரை இன்னும் வேகமாகக் கட்டும்.

இரவில் பைபேப் (காற்றழுத்தத்தால் மூச்சுக்கு உதவும் கருவி) முகமூடி போடுமுன் வாய் காலியாக இருக்க வேண்டும். கன்னத்தில் இருக்கும் பருக்கையைக் காற்றழுத்தம் உள்ளே தள்ளும். காலையில் எழுந்ததும் பல் துலக்கிப் பசியாறும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த நோயில் அதைவிடப் பெரியது இரவுத் துலக்கல். செயற்கைப் பல் செட் இருந்தால் இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். எடை குறையக் குறைய அது தளரும், அதிலும் கீழ் செட்டைப் பிடித்து நிறுத்துவதே நாக்கும் கன்னமும்தான். பேசும்போது தூக்கிக்கொண்டால் உடனே ரீலைன் செய்ய (உட்புறத்தை ஈறுக்கேற்பத் திருத்த) வேண்டும் அல்லது போடுவதை நிறுத்த வேண்டும். பல் செட் இல்லாமல் தூங்குகிறவர், முகமூடியை அளவு பார்க்கும்போதும் அதைக் கழற்றியே வைத்திருக்கட்டும்.

பின்னாளில் கிளினிக்குக்குப் போவது

ஜார்ஜ் டவுனிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தனியார் பல் கிளினிக்குகள் பல, கடைவீட்டு மாடியில் லிஃப்ட் இல்லாமல் இருக்கின்றன. நாள் குறிக்குமுன் சக்கர நாற்காலி போகுமா என்று போனில் கேளுங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகப் பல்மருத்துவப் புலம், ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜிஸில் யூகேஎம் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழக) பல்மருத்துவப் புலம். பினாங்கில் பெரிய மருத்துவமனையின் பல் பிரிவு, கெப்பாளா பத்தாஸ் பெர்தாமில் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழக) மருத்துவ, பல்மருத்துவ மையம். இப்படிப்பட்ட இடங்களுக்கு நரம்பியல் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கு வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டா என்று அருகிலுள்ள அரசு பல் கிளினிக்கில் விசாரியுங்கள்.

மலாயில் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்: மல்லாந்து படுக்க முடியாது, நாற்காலி 45 பாகைக்குக் கீழே போகக்கூடாது, விழுங்க முடியாது, நிறுத்தும் சைகை இது, மருந்துகள் இவை. மயக்க ஊசியும் தூக்க மருந்தும் மூச்சைத் தளர்த்தும். நரம்பியல், மூச்சு மருத்துவர்களைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். நுரையீரல் தசை தளர்ந்தவருக்கு வெறும் ஆக்சிஜன் முகமூடி போட்டால் கரியமில வாயு தேங்கலாம், ஆகவே பைபேப் கருவியையும், மூக்குக்கு மட்டுமான முகமூடி இருந்தால் அதையும், பேட்டரியோடு கொண்டுபோங்கள். மூக்கு முகமூடியோடு வாயில் வேலை செய்ய முடியும். தண்ணீர் பீய்ச்சும் கருவிக்குப் பதில் கைக்கருவியால் பற்காரை எடுக்கச் சொல்லுங்கள். சொத்தைக்கு 38 சதவீத சில்வர் டையமின் ஃபுளோரைடு தடவினால் ஊசியும் குடைச்சலும் இல்லாமல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். சொத்தைப் பகுதி கறுத்துவிடும், அதை முன்பே தெரிந்து சம்மதியுங்கள். 15, 20 நிமிடத்துக்கு மேல் ஒரே அமர்வில் வேண்டாம்.

மரக்கும் ஊசி போட்டால் ஒரு பக்கத்துக்கு மட்டும் போடச் சொல்லுங்கள், கீழ்த்தாடையில் இரு பக்கமும் ஒரே நாளில் மரத்தால் எச்சில் போவதே அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தபின் மரப்பு முழுதாகப் போக 2 முதல் 4 மணி நேரம் ஆகும். அதுவரை வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். அரைமணிக்கு ஒருமுறை டார்ச் அடித்து, கன்னமோ உதடோ பல்லுக்கு இடையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டியிருந்தால் விரலைப் பல்லுக்கு வெளியே வைத்து மெல்ல விலக்கிவிடுங்கள்.